"சாகவேணும் போல கிடக்கு" எண்டு ஒருவர் சொன்னால்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கங்களில் மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ உளநலம் பற்றிக் கதைக்கப் போனால், கூட்டத்துக்குள் ஒருவரும் கை தூக்கமாட்டார்கள். எல்லாம் முடிந்து கதிரை அடுக்கும் நேரத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து, "எனக்கில்லை, தெரிஞ்ச ஆளுக்கு" என்று தொடங்குவார். அப்படிக் கேட்கப்பட்டவைதான் இவை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே. நான் வைத்தியர் அல்லர். உளநலக் கிளினிக்குக்கும் வீடுகளுக்கும் இடையில் ஓடித்திரியும் சமூகப் பணியாளர். மருந்து விடயத்தில் உங்கள் வைத்தியர் சொல்வதே முடிவு.

இதை வாசிக்கும் இந்த நேரத்தில் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், மற்றவற்றை விட்டுவிட்டு 1926க்கு அழையுங்கள், அல்லது வீட்டில் படுத்திருப்பவரை எழுப்புங்கள். கடைசிக் கேள்வியும் உங்களுக்கானதுதான்.

"செத்துப்போகலாம் போல கிடக்கு" எண்டு அடிக்கடி சொல்லுறா. சும்மா வெருட்டுறாவா, உண்மையாச் சொல்லுறாவா?

எங்கள் பக்கத்தில் பல்லுக்கொதிக்கும் இதே வசனத்தைத்தான் சொல்வோம். அதனால் வசனத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஆனால் "சொல்லுறவை செய்யமாட்டினம்" என்ற நம்பிக்கை பிழை. உயிரை மாய்த்துக்கொண்டவர்களில் பலர் அதற்கு முன் யாரிடமோ ஏதோ ஒரு வகையில் சொல்லித்தான் இருக்கிறார்கள். முன்பு ஒருமுறை முயன்றவர் என்றால் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

சொல்லோடு சேர்த்து நடப்பையும் பாருங்கள். நித்திரை குழம்பியிருக்கும். குடி கூடியிருக்கும். ஆசையாக வளர்த்த மாட்டை யாருக்கோ கொடுத்துவிடுவார். "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பார். "பிள்ளையளைப் பாத்துக்கொள்ளு" என்று காரணமில்லாமல் தங்கையிடம் சொல்வார். பல நாள் இருண்டிருந்த முகம் திடீரென்று தெளிவதும் சிலவேளை முடிவெடுத்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். வெருட்டுவதற்காகவே சொன்னாலும், வேறு வழியில் கேட்கத் தெரியாத ஒருவர் உதவி கேட்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நேரடியாக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாங்களே குடுத்த மாதிரிப் போகாதா?

போகாது. இதைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடியதாகக் காணவில்லை. சிலருக்குக் குறைந்துகூட இருக்கிறது. மாதக்கணக்காக ஒளித்து வைத்திருந்ததை ஒருவர் பெயர் சொல்லிக் கேட்டதும் பெருமூச்சு விட்டு அழுதவர்களைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் விசயம் இருக்கிறது. "அப்பிடி ஒண்டும் யோசிக்கேல்லைத்தானே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நீங்களே கையில் கொடுத்துவிடுகிறீர்கள். ஆட்கள் இல்லாத இடத்தில், முகத்துக்கு நேரே இராமல் பக்கத்தில் இருந்து, "இவ்வளவு கஸ்டத்துக்கை, செத்தால் நல்லம் எண்டு யோசிச்சனீங்களோ?" என்று கேளுங்கள். "ஓம்" என்றால் எப்போது, எப்படி என்று யோசித்திருக்கிறார், அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கேட்கும்போது உங்கள் குரல் நடுங்கினால் பரவாயில்லை.

கேட்டன், "ஓம்" எண்டுட்டார். இப்ப நான் என்ன செய்யிறது?

முதலாவது, அவரைத் தனியே விடாதீர்கள். தேத்தண்ணி வைக்கப் போவதென்றாலும் இன்னொருவரை இருத்திவிட்டுப் போங்கள். இரண்டாவது, அவர் சொன்ன பொருளை அந்த வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். மூன்றாவது, இன்னுமொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் இரவு முழுக்கச் சுமக்கக்கூடிய பாரம் இல்லை இது.

அரை மணி நேரம் என்பது இதில் பெரிய நேரம். இலங்கையின் கிராமப்புற வைத்தியசாலைகளில், நஞ்சருந்திப் பிழைத்தவர்களிடம் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டோர் அரை மணிக்கும் குறைவாகவே யோசித்திருந்தார்கள். அந்த உச்சம் இறங்கும்வரை ஒரு ஆள் பக்கத்தில் இருப்பதும், கையில் பொருள் அகப்படாமல் இருப்பதும் உயிரைக் காப்பாற்றும். ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர்வரை பிறகு தற்கொலையால் இறப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

புத்தி சொல்ல வாய் துடிக்கும். "பிள்ளையளை யோசிச்சியா?" என்று கேட்காதீர்கள். தான் இல்லாவிட்டால் பிள்ளைகள் நல்லாயிருக்கும் என்று அவர் ஏற்கெனவே யோசித்து முடித்திருக்கக்கூடும். கேட்டுக்கொண்டிருந்தால் போதும். இடையிடையே "பிறகு?" என்று கேளுங்கள்.

இரவு பத்து மணி. பஸ்ஸும் இல்லை, கிளினிக்கும் இல்லை. ஆருக்கு அடிக்கிறது?

1926 தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும், தமிழிலும் கதைக்கலாம். 1333 உளவளத்துணைக்கான இலவச அழைப்பு, அங்கேயும் தமிழில் கதைக்கலாம். 1974இல் தொடங்கிய சுமித்திரயோ அமைப்பும் பெயர் விவரம் கேட்காமல் காது கொடுக்கும். சிங்களத்தில் எடுத்தால் போனை வைத்துவிடாதீர்கள். "தமிழ்" என்று ஒரு சொல் சொல்லிக் காத்திருங்கள்.

உடனடி ஆபத்து என்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ். காசு இல்லை. 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. ஆனால் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே காட்டோரக் குடியிருப்பு என்றால், அம்புலன்ஸ் வரும் நேரத்தையும் பக்கத்து வீட்டு ஓட்டோ போகும் நேரத்தையும் யோசியுங்கள். 1990க்கு அழைத்து, வழியில் எங்கே சந்திக்கலாம் என்று கேட்டுக்கொண்டே ஓட்டோவில் புறப்படலாம். மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். உடம்பில் காயம் இல்லை, "சாகும் எண்ணம்" மட்டும்தான் என்றாலும் அங்கே போகலாம். அதற்கென்று ஒரு வருத்தம் இருப்பதாகப் பொய் சொல்லத் தேவையில்லை.

ஏற்கெனவே ஏதோ குடிச்சிட்டார். உப்புத் தண்ணி குடுத்துச் சத்தி எடுக்க வைக்கலாமா?

வேண்டாம். உப்புத் தண்ணி, பால், முட்டை, புளி எதுவும் வேண்டாம். விரல் விட்டுச் சத்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். சத்தி நுரையீரலுக்குள் போனால் குடித்ததைவிட அதுவே கொல்லும். மயங்கியிருந்தால் இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். உடுப்பில் பூச்சிமருந்து கொட்டியிருந்தால் கழற்றி, தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உங்கள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போத்தலையோ குளிசைப் பெட்டியையோ கையோடு கொண்டுபோங்கள். எப்போது, எவ்வளவு என்று தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். "இப்ப நல்லாத்தான் இருக்கிறார்" என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். சில நஞ்சுகளின் வேலை ஒரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிஸ் கேஸ் ஆகுமே?

இந்தப் பயத்தால் போன உயிர்கள் உண்டு. இலங்கையில் தற்கொலை முயற்சி ஒரு காலத்தில் தண்டனைச் சட்டக் குற்றமாக இருந்தது உண்மை. 1998இல் அதை நீக்கிவிட்டார்கள். இன்று முயன்றவர் மீது அதற்காக வழக்கில்லை, சிறையில்லை.

வைத்தியசாலைப் பொலிஸார் வந்து வாக்குமூலம் எடுப்பதுண்டு. நஞ்சோ காயமோ என்றால் யாராவது செய்தார்களா என்று பார்ப்பது அவர்கள் வேலை. அதைக் கேஸ் என்று நினைத்து, "தவறிக் குடிச்சிட்டார்" என்று வைத்தியரிடம் மாற்றிச் சொல்லாதீர்கள். மாற்றிச் சொன்னால் உளநலப் பிரிவுக்கு அனுப்பாமலே வீட்டுக்கு விட்டுவிட வாய்ப்பிருக்கிறது. அது கேஸைவிட மோசம்.

உளநலப் பிரிவு எண்டால் விசராஸ்பத்திரிதானே? ஊருக்குத் தெரிஞ்சால் பிள்ளையின்ர கலியாணம்?

"அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போடுவினம்" என்று வெருட்டி வளர்ந்த தலைமுறை நாங்கள். பயம் விளங்குகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005இல் வந்த உளநலக் கொள்கையோடு, மாவட்டங்களிலேயே உளநல வைத்திய அதிகாரிகளையும் சமூகப் பணியாளர்களையும் வைத்துப் பார்க்கும் முறை பரவியது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. கிராமப்புற வைத்தியசாலைகளுக்கும் குறித்த நாட்களில் வெளிக்கள கிளினிக்காக வருகிறார்கள். பெரும்பாலானோர் வாட்டில் நிற்பதே இல்லை. பிரஷர் கிளினிக்குக்குப் போவது போலக் கொப்பியோடு போய்க் கதைத்து, தேவைப்பட்டால் குளிசை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

கலியாணப் பேச்சு பற்றி: கிளினிக் தகவலை வெளியே சொல்லக்கூடாது என்பது அங்கே வேலை செய்பவர்களின் கடமை. ஆனாலும் வாங்கில் இருக்கும்போது சொந்தக்காரர் கண்டுவிடுவார் என்ற கவலை இருந்தால் வேறு மாவட்டத்துக் கிளினிக்குக்குப் போங்கள். அதற்குத் தடையில்லை. தூரத்தால் தொடர்ந்து போக முடியாமல் போய்விடக்கூடாது, அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வயல் செய்யிற வீடு, பூச்சிமருந்து இருக்கத்தானே செய்யும். பெட்டியில பூட்டி வைச்சால் போதுமா?

எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான அநுராதபுரத்திலேயே இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 180 கிராமங்கள், ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுள்ள பெட்டி கொடுத்தார்கள். 2017இல் முடிவு வந்தது: பெட்டி கொடுத்த கிராமங்களில் நஞ்சருந்துதல் குறையவில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. சாவி கூரைத் தகரத்தின் இடுக்கில் இருக்கும், அது எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த நாட்டில் உண்மையாக வேலை செய்தது தடை. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிகக் கூடிய வீதங்களில் ஒன்று. 1984, 1995, 1998, பிறகு 2008 முதல் 2011 வரை என்று படிப்படியாக அதிகம் கொல்லும் பூச்சிமருந்துகளையும் களைநாசினிகளையும் தடை செய்தார்கள். 2005 அளவில் வீதம் பாதியாகிவிட்டது, பிறகும் இறங்கியது. ஆட்களின் கவலை பாதியாகவில்லை. கைக்குக் கிடைத்த பொருளின் கொல்லும் வலு குறைந்தது. விளைச்சலும் இதனால் விழவில்லை என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் வீட்டில் என்ன செய்வது? தேவைக்கு மட்டும் வாங்குங்கள், மிச்சம் வைக்காதீர்கள். வீட்டில் ஒருவருக்குக் கடினமான காலம் என்றால் பூட்டு வேண்டாம், பொருளே அந்த வளவில் வேண்டாம். வேறு வளவில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். குளிசைகளுக்கும் இதுவே.

குளிசை தந்தவை. ஒரு கிழமையாகியும் ஒரு மாற்றமுமில்லை. பழக்கமாகிப்போமோ எண்டும் பயம்.

மனச்சோர்வுக்கான குளிசைகள் வேலை தொடங்க இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். அவை போதைப் பொருளைப்போல் அடிமையாக்குவதில்லை. ஆனால் வைத்தியரைக் கேட்காமல் சடுதியாக நிறுத்தக்கூடாது. தொடக்கக் கிழமைகளில், அதுவும் இளையவர்களில், பதற்றமோ சாகும் எண்ணமோ கூடினால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் உடனே போங்கள். ஒருமாதக் குளிசையை ஒரேயடியாக வீட்டில் வைக்கப் பயமென்றால், கிழமைக்குக் கிழமை தரும்படி கேட்கலாம். கேட்டால் தருவார்கள்.

ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்டுக்கு வந்திட்டார். சிரிச்சுக் கதைக்கிறார். இனிப் பிரச்சினை முடிஞ்சுதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்விக்கான பதிலை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். வாட்டில் இருக்கும்போது பழங்களோடு பத்துப்பேர் வருவோம். வீட்டுக்கு வந்து இரண்டு கிழமையில் ஒருவரும் எட்டிப் பாரார். "அதைக் கிளறக்கூடாது" என்று மரியாதையாக விலகியும் இருப்போம். வைத்தியசாலையிலிருந்து வந்த முதல் கிழமைகளும் மாதங்களும்தான் ஆபத்துக் கூடிய காலம். கடன், சண்டை, வெட்கம் எல்லாம் வீட்டு வாசலில் அப்படியே நிற்கும். அவற்றோடு "மருந்து குடிச்சவர்" என்ற பெயரும் சேர்ந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஒரு ஆய்வு செய்தது. அதில் கொழும்பும் ஒரு இடம், சென்னையும் ஒரு இடம். முயன்று வைத்தியசாலைக்கு வந்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வழமையான சிகிச்சை. மற்றப் பகுதிக்கு அதோடு ஒரு மணி நேரக் கலந்துரையாடலும், பிறகு ஒன்றரை வருடத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ விசாரிப்பும். 2008இல் வெளிவந்த முடிவில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 0.2. பெரிய இயந்திரமோ விலை கூடிய மருந்தோ இல்லை. "எப்படி இருக்கிறீங்கள்? கிளினிக்குக்குப் போனனீங்களோ?" என்ற கேள்விதான்.

அந்த ஆய்வில் முதல் விசாரிப்புகள் நெருக்கமாகவும் பிறகு இடைவெளி கூடியும் இருந்தன: முதலாம், இரண்டாம், நாலாம், ஏழாம், பதினோராம் கிழமை, பிறகு நாலாம், ஆறாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதம். கலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமாது, கிராம அலுவலர், கோயில் ஐயர், பங்குத் தந்தை, மச்சாள், யாராக இருந்தாலும் சரி. குறித்து வைத்தவர் ஒருவராக இருக்க வேண்டும். "எல்லாரும் பாக்கினம்தானே" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில ஏதோ தாள் எழுதிக் குடுத்தவை, "பாதுகாப்புத் திட்டம்" எண்டு. அது என்ன, சத்தியக் கடதாசியா?

இல்லை. "இனிச் செய்யமாட்டேன்" என்று கையெழுத்து வாங்குவது பயனில்லாத வேலை. இது வேறு. அமெரிக்காவில் பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இருவர் உருவாக்கிய முறை. எண்ணம் திரும்ப வரத் தொடங்கும்போது எனக்கு என்ன நடக்கும், அப்போது தனியே நான் என்ன செய்யலாம், எங்கே யாரோடு போய் மனத்தைத் திருப்பலாம், யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம், எந்த வைத்தியசாலை, எந்த இலக்கம், வீட்டிலிருந்து எதை அகற்ற வேண்டும் என்ற வரிசையில் அவரே தன் சொல்லில் எழுதுவது.

நான் பார்த்தவற்றில் நன்றாக இருந்தவை மிகச் சாதாரணமானவை. "பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு நெஞ்சு அடைக்கும்" என்று ஒருவர். "இரணைமடுக் குளக்கட்டில போய் நிற்பன்" என்று ஒருவர் சொன்னபோது, தனியே தண்ணிக்கரை வேண்டாம் என்று, தம்பியோடு போவதாக மாற்றி எழுதினோம். தாளை அலுமாரிக்குள் வைக்காமல் போனில் படம் எடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள். திட்டத்தில் பெயர் வந்தவருக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டும்!

சண்டைக்குள்ள, ஷெல்லுக்குள்ள சாகாதவை, இப்ப எல்லாம் முடிஞ்ச பிறகு ஏன்?

போர் தீவிரமாக நடந்த 1980களில் யாழ்ப்பாணத்தில் தற்கொலை குறைந்திருந்ததை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் பதிவுசெய்திருக்கிறார். வேறு நாடுகளிலும் போர்க்காலத்தில் இப்படிக் கண்டிருக்கிறார்கள். பதுங்குகுழிக்குள் எல்லோரும் சேர்ந்து இருந்தார்கள், உயிர் தப்புவதே முழுநேர வேலை. 2009க்குப் பிறகு மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து காணி துப்புரவாக்கியபோது ஒவ்வொரு வீடும் தன் இழப்போடு தனியே நின்றது. யார் இல்லை என்பது அப்போதுதான் எண்ணப்பட்டது.

அதற்காக எல்லாவற்றையும் போரில் போடவும் நான் விரும்பவில்லை. பரீட்சை முடிவு, காதல், குடி, அடி, கடன் என்று மற்ற ஊர்களில் இருப்பவை எல்லாம் இங்கேயும் இருக்கின்றன. "போர்தான் காரணம்" என்று சொல்லிவிட்டால், நேற்று அடித்த கணவனைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக அம்மா இண்டைக்கும் சோறு எடுத்து வைக்கிறா. "அவன் இல்லை, ஏற்றுக்கொள்ளுங்கோ" எண்டு சொல்லலாமா?

சொல்ல உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை. உடலும் இல்லை, பதிலும் இல்லை, அந்தியேட்டியும் செய்ய முடியாது. இது சாதாரணத் துக்கமல்ல, முடிவு எழுதப்படாத துக்கம். 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் போராட்டம் நடத்திய தாய்மாரைப் பார்த்து "இவைக்குக் கவுன்சிலிங் வேணும்" என்று சொன்னவர்களும் உண்டு. நீதி கேட்பது நோயல்ல.

சோறு எடுத்து வைப்பதில் ஆபத்தில்லை. அவ சாப்பிடுகிறாவா, நித்திரை கொள்கிறாவா, "அவனிட்டைப் போகப்போறன்" என்று சொல்கிறாவா என்பதைப் பாருங்கள். போர் முடிந்த மே மாதமும், மகனின் பிறந்தநாளும், அவன் போன திகதியும் கடினமான நாட்கள். அன்று போய் அவவோடு இருங்கள். அவனைப் பற்றிக் கேளுங்கள், அவன் என்ன கறி விரும்புவான் என்று. இருந்தானா இருக்கிறானா என்ற காலத்தை அவவே தெரிவு செய்யட்டும்.

கடன்தான் பிரச்சினை. உங்கட கவுன்சிலிங் கடனைக் கட்டுமா?

கட்டாது. கிழமைக் காசு எடுக்க வருபவர் படலையில் நிற்கும்போது, "மூச்சை ஆழமாக இழுங்கோ" என்று சொல்லும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. நுண்கடன் வன்னியில் பல பெண்களின் கழுத்தை நெரித்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின், ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு இறங்க வேண்டிவந்ததே அதற்குச் சாட்சி.

செய்யக்கூடியது இது. எல்லாக் கடனையும் ஒரு கொப்பியில் எழுதச் செய்யுங்கள். கணவனுக்குத் தெரியாத கடன்தான் அநேகமாக ஆளைக் கொல்கிறது, அதைச் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். காசு கேட்டு வருபவரைத் தனியே சந்திக்க விடாதீர்கள். தவணை மாற்றிக் கேட்கவும், மிரட்டல் இருந்தால் முறையிடவும் பிரதேச செயலகத்துக்கோ சட்ட உதவி ஆணைக்குழுவுக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். கடன் அப்படியே இருக்க, கடனைத் தனியே சுமப்பது முடிந்தாலே பலருக்குச் சாகும் எண்ணம் தளர்வதைக் கண்டிருக்கிறேன்.

அவர் குடிச்சுப்போட்டு அடிக்கிறார். நான் தாய்வீட்டுக்குப் போனால் "செத்துப்போவன்" எண்டுறார். போகாமலே இருக்கவோ?

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். அவர் சொல்வதை ஆபத்தாகவே எடுத்து அவருடைய அண்ணனுக்கோ நண்பனுக்கோ சொல்லுங்கள், 1926க்கும் அழைக்கலாம். குடி அந்த ஆபத்தைக் கூட்டும். ஆனால் அடி வாங்கிக்கொண்டு இருப்பது அவருக்கான சிகிச்சை இல்லை. உங்கள் உயிரைப் பணயம் வைத்து அவர் உயிரைக் காக்கும் பொறுப்பை யாரும் உங்களிடம் தரவில்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். போகும் நாளை அவருக்கு முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை.

நான் ரீச்சர். "ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ மிஸ்" எண்டுபோட்டு ஒரு பிள்ளை சொல்லிட்டுது.

சத்தியத்தை மீறுங்கள். ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல் மீறாதீர்கள். "உன்னைப் பாதுகாக்க இன்னும் ஒருத்தருக்குச் சொல்லவேணும். ஆருக்குச் சொல்லலாம் எண்டு நீயே சொல்லு" என்று கேளுங்கள். வழக்கமாகப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். வீட்டில்தான் அந்தக் கொடுமை நடக்கிறதென்றால் முதலில் அங்கே சொல்லக்கூடாது. சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், அல்லது 1929. காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் "சில பிள்ளையள்" என்று புத்தி சொல்வதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு எல்லாக் கண்ணும் தன் மீது இருப்பதாகத் தெரியும்.

கோயிலுக்கு நேத்தி வைக்கிறது, நூல் கட்டுறது பிழையா?

பிழையில்லை. வற்றாப்பளைக்கும் மடுவுக்கும் போய் மனம் ஆறி வந்தவர்கள் ஏராளம், கூட்டத்தோடு போவதே ஒரு மருந்துதான். நூலும் இருக்கட்டும், கிளினிக் கொப்பியும் இருக்கட்டும். குளிசையை நிறுத்தச் சொல்லும் சாத்திரியிடமும், பேய் என்று அடிக்கும் பூசாரியிடமும் மட்டும் போக வேண்டாம்.

எங்கட வீட்டிலயே ஒருவர் உயிரை மாய்ச்சுப்போட்டார். நாங்கள் கவனிக்காமல் விட்டதாலதானே?

மேலே அடையாளங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். இறந்த பிறகு திரும்பிப் பார்க்கும்போது அவை எல்லாம் பளிச்சென்று தெரியும். முன்னால் நிற்கும்போது அப்படித் தெரிவதில்லை. பயிற்சி பெற்றவர்களுக்கே தவறும். ஒரே காரணம் என்று ஒன்றும் இல்லை, அன்று காலை நீங்கள் பேசிய பேச்சும் காரணமில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குப் "பாம்பு கடிச்சது" என்று சொல்லாதீர்கள். பாடசாலையில் வேறு வாயால் அறிவார்கள். வயதுக்கு ஏற்ற அளவில், வருத்தம் மனத்தில் வந்து இறந்துபோனார் என்று உண்மையைச் சொல்லுங்கள். செத்தவீட்டைச் சுருக்கி ஒளித்து முடிக்கத் தேவையில்லை. கத்தோலிக்கக் குடும்பங்கள் பூசை கிடைக்காதோ என்று கேட்பதுண்டு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை, பங்குத் தந்தையிடம் தயங்காமல் கேளுங்கள். இப்படி ஒருவரை இழந்த வீட்டாருக்கும் ஆபத்துக் கூடுதல். விசாரிப்புக் கலண்டர் அவர்களுக்கும் வேண்டும்.

பேஸ்புக்கில் படத்தையும், எப்படி இறந்தார் என்பதையும், கடைசிக் கடிதத்தையும் போடுகிறவர்களிடம் அகற்றச் சொல்லிக் கேளுங்கள். அதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தெரிஞ்ச ஆளுக்கில்லை. எனக்குத்தான். என்னெண்டு சொல்லத் தொடங்குறது?

கதையை முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை. "எனக்குச் சாகிற எண்ணம் வருகுது. கொஞ்சநேரம் என்னோட இருங்கோ" என்று மட்டும் சொல்லுங்கள். வாயால் வராவிட்டால் எழுதி அனுப்புங்கள். முதல் ஆள் "விசர்க்கதை கதையாத" என்று சொல்லிவிட்டால் அது அவருடைய பயம். இரண்டாவது ஆளிடம் போங்கள். ஒருவரும் நினைவுக்கு வரவில்லையென்றால் 1926இல் எடுப்பவருக்கு உங்களைத் தெரியாது, உங்கள் ஊரையும் சொல்லத் தேவையில்லை.

அதற்கிடையில், நீங்கள் யோசித்து வைத்திருக்கும் பொருளை விட்டு வெளியே வாருங்கள். வீட்டு முற்றத்துக்கு, பக்கத்து வளவுக்கு, ஆட்கள் நிற்கும் கடையடிக்கு. இன்றிரவு மட்டும் எதையும் முடிவெடுக்க வேண்டாம். காலையில் உளநலப் பிரிவுக்குத் துண்டோ கடிதமோ இல்லாமல் போகலாம். வெளிநோயாளர் பிரிவில் "உளநல டொக்டரைப் பாக்கவேணும்" என்றால் வழி காட்டுவார்கள்.